மண்டபம் முகாமில் ஓர் அறை
(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

'கல்வியும் நம் மக்களும்' என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு அழைப்பிதழில் அச்சிட்டிருக்கின்றார்கள். அதற்கெனச் சில குறிப்புகளும் எழுதி வந்தேன். ஆனால் மேடைக்கு ஏறுமுன் நம் செயலாளர் என்னைத் தனியே அழைத்து, "ஐயா, கல்வியின் பெருமையை எல்லோரும் பேசிவிட்டார்கள், நீங்கள் உங்கள் சின்ன வயதைச் சொல்லுங்கள்" என்றார். ஆகவே குறிப்புகளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டேன். நான் இன்று ஓர் அறையைப் பற்றிப் பேசப் போகின்றேன். அவ்வறையில் நாங்கள் தங்கியது இருபத்திரண்டு நாள்கள் மட்டுமே. எனினும் தாய்நாடு என்று சொல்லப்பட்ட இந்நாட்டில் எங்கள் குடும்பத்திற்கு முதன்முதலாகக் கிடைத்த கூரை அதுதான்.

இங்குள்ள இளைஞர்களிற் பலர்க்கு இவ்வரலாறு தெரியாதாகையால் இரண்டொரு செய்திகளைச் சொல்லிவிடுகின்றேன். இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டங்களில் உழைத்தவர்கள் தமிழகத்திலிருந்து போனவர்கள். அவர்களுள் மிகப் பலர் நம் மக்கள். 1948-ஆம் ஆண்டு அங்கு இயற்றப்பட்ட குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்கள் ஆக்கிற்று. 1964-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ஆம் நாள் சிறிமாவோ அம்மையாரும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். 9,75,000 பேர் என்று கணக்கிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு எனப் பிரித்தார்கள். எஞ்சிய 1,50,000 பேரைப் பத்தாண்டு கழித்து, 1974-இல், சரிபாதியாகப் பங்கிட்டார்கள். தேங்காயை உடைத்துப் பங்கு வைப்பதென்றாலும் வீட்டிலுள்ளவர்களை ஒரு வார்த்தை கேட்பதுண்டு. எங்களை யாரும் கேட்கவில்லை.

நான் பிறந்தது 1968-இல், அட்டனுக்கு அருகில் ஒரு தோட்டத்து லயத்தில். வரிசையாகக் கட்டிய ஒற்றை அறைகளைத்தான் லயம் என்பார்கள். அறையை அங்கே 'காம்பரா' என்று சொல்வோம். அப்பா கவ்வாத்து வெட்டுவார். அம்மா கொழுந்து பறிப்பார். 1974-இல் உணவுத் தட்டுப்பாடு வந்து தோட்டமெங்கும் பட்டினி. கிழங்கும் கீரையும் தின்று நாள் கழித்தோம். 1977-இல் கலவரம். அதன்பின் அப்பா கடவுச்சீட்டை எடுத்து எண்ணெய் விளக்கருகில் வைத்து அடிக்கடி புரட்டிப் பார்ப்பார். அவருக்குப் படிக்கத் தெரியாது. 1978-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் நாங்கள் ஐவரும் புறப்பட்டோம். அப்பா, அம்மா, அப்பாயி, நான், நான்கு வயதுத் தங்கை. இந்தியாவுக்குப் போகின்றவர்களை ஏற்றிச் செல்லும் இரயிலுக்கு மலையகத்தில் 'ஒப்பாரிக் கோச்சி' என்று பெயர். நிலையத்தில் எழும் அழுகை அப்படி. வண்டி நகர்ந்த பின்னும் பெட்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு என் மாமன் சிறிது தூரம் ஓடி வந்தார். அவரை நான் பிறகு பார்க்கவேயில்லை.

தலைமன்னாரில் 'இராமானுஜம்' என்னும் கப்பலில் ஏறி இராமேசுவரத்தில் இறங்கினோம். கடலை அன்றுதான் முதலில் பார்த்தேன். அப்பாயிக்கோ அது இரண்டாம் முறை. எட்டு வயதுச் சிறுமியாக, 1924 வாக்கில், தம் தாயாரின் கையைப் பிடித்துக்கொண்டு தனுஷ்கோடித் துறையில் கப்பலேறி அக்கரைக்குப் போனவர் அவர். "ஏன் தனுக்கோடியிலே எறக்கலே?" என்று கேட்டபடியே இருந்தார். 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்த செய்தியை உடன்வந்தவர் ஒருவர் சொன்னபோது, தம் வீட்டார் யாரோ இறந்துபோனாற்போல வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். சுங்கச் சோதனை முடிந்து மீண்டும் இரயில். அக்காலத்தில் தீவிலிருந்து கரைக்கு வரப் பாம்பன் இரயில் பாலம் ஒன்றுதான் வழி. சாலைப் பாலம் 1988-இல்தான் வந்தது. பாலத்தின்மேல் வண்டி மெல்ல ஊர்ந்தது. கீழே இருபுறமும் நீர். அப்பாயி கண்களை இறுக மூடிக்கொண்டார். நான் மூடவில்லை.

இனி அறைக்கு வருகின்றேன்.

மண்டபம் முகாம் வெள்ளையர் காலத்தது. இலங்கைக்குப் போகும் தொழிலாளர்களைக் காலராவும் அம்மையும் உண்டா என்று சோதிக்கச் சில நாள் தடுத்து வைப்பதற்காக ஏற்படுத்திய இடம் அது. அங்கும் வரிசை வரிசையாக அறைகள். எங்களுக்குக் காட்டிய அறையின் வாயிலில் நின்று அம்மா ஒரு நொடி பார்த்தார். பிறகு, "இதுவும் லயந்தானே" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னாரா, சலிப்பில் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெளிவில்லை. அண்மையில் கேட்டேன், "அப்படியா சொன்னேன்?" என்கின்றார்.

நீளம் நான்கு பாய், அகலம் மூன்று பாய். அளந்து சொல்கின்றேன் என எண்ணவேண்டா. பாய் விரித்ததை வைத்துச் சொல்கின்றேன். தரையில் எத்தனை முறை பெருக்கினாலும் மணல். கடற்காற்று இரவு முழுதும் அடிக்கும். விடியுமுன் சோற்றுப் பானைக்குள்ளும் மணல் இருக்கும். மலையின் குளிரில் பிறந்த எங்களுக்கு அந்த வெக்கை தாங்கவில்லை. தங்கைக்கு உடம்பெல்லாம் வியர்க்குரு. மலையில் மழைக்கும் பனிக்கும் போர்த்திய கறுப்புக் கம்பளிகள் இரண்டைச் சுமந்து வந்திருந்தோம். அவற்றை என்ன செய்வதென்று தெரியாமல் அம்மா ஒன்றை வாயிலில் திரையாகத் தொங்கவிட்டார். மற்றொன்றை நான்காக மடித்து அப்பாயிக்கு இருக்கையாக்கினார். மூட்டையில் இன்னொன்றும் இருந்தது. ஒரு பொட்டலம் தேயிலைத்தூள். தோட்டத்தில் எங்களுக்குக் கிடைத்ததே அந்தத் தூள்தான். நல்ல தேயிலை கப்பலேறிப் போய்விடும். முகாமின் முதல் காலையில் மூன்று கல்லைக் கூட்டி அம்மா தேநீர் வைத்தார். கரிக்கும் நீரில் வைத்த அத்தேநீரை ஒருவாய் குடித்துவிட்டு அப்பா வெளியே போய் நின்றுகொண்டார்.

அப்பாயி மட்டும் அவ்விடத்தில் அந்நியராக இருக்கவில்லை. இரண்டாம் நாளே என்னை அழைத்துக்கொண்டு முகாமைச் சுற்றினார். ஓரிடத்தில் நின்று சட்டெனத் தம் இடக்கையின் மேற்புறத்தைக் காட்டினார். அதில் காசளவில் ஒரு தழும்பு. "இங்கதான் ராசா, வரிசையிலே உக்கார வச்சு அம்மை குத்துனாக. எங்காத்தா ஓடப் பாத்துச்சு. கங்காணி பிடிச்சுக்கிட்டான்" என்றார். அவருக்கு முந்திய தலைமுறையில் தோட்டத்து எண் பொறித்த தகர வில்லையைக் கழுத்தில் கட்டிக்கொண்டு ஆள்கள் போனதையும் சொன்னார். போகும்போதும் அதே முகாம், ஐம்பது ஆண்டுக்குமேல் உழைத்துவிட்டு வரும்போதும் அதே முகாம். அப்பாயி இதைக் குறையாகச் சொல்லவில்லை. பழகிய சத்திரத்திற்கு மீண்டும் வந்தவர்போல எந்தப் பக்கம் நிழல், எந்தப் பக்கம் காற்று என்று எனக்கு விளக்கிக்கொண்டு வந்தார்.

அம்முகாமில்தான் எனக்கு முதல் மதிப்புக் கிடைத்தது. நான் தோட்டப் பள்ளியில் நான்காம் வகுப்பு முடித்திருந்தேன். எங்கள் வரிசையில் பெரியவர்களில் எழுத்துக் கூட்டிப் படிப்பவர் இருவர். அவ்விருவரும் பெரும்பாலும் அலுவலகத்தின் முன் நிற்பார்கள். எனவே குடும்ப அட்டையையும் அறிவிப்புத் தாள்களையும் என்னிடம் கொண்டுவந்தார்கள். யாருக்கு எந்த மாவட்டம், என்ன உதவி என்று படித்துச் சொல்வேன். ஒருமுறை படித்தால் ஒரு துண்டு கருப்பட்டி. எனக்குப் புரியாத சொற்களையும் தயங்காமல் படித்தேன். படிக்கத் தெரிந்தவன் புரியாததைப் புரிந்தாற்போலப் படித்தால் கேட்பவர்க்கு என்ன நேரும் என்பதை அப்போது அறியேன். ஆசிரியர்கள் சிலர் இன்றும் அறியார். அது வேறு கதை.

எங்கள் முன் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, நீலகிரியில் அரசு உருவாக்கிய தேயிலைத் தோட்டம். தாயகம் திரும்பியோர்க்கென 1968-இல் தொடங்கி 1976-இல் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம் ஆனது அது. மற்றொன்று, வியாபாரக் கடன் பெற்றுக்கொண்டு சொந்த ஊருக்குப் போவது. கத்தியும் கவ்வாத்தும் அறிந்த அப்பா கோத்தகிரிக்கோ கூடலூருக்கோ போகலாம் என்றார். அப்பாயி என்னை அழைத்துத் தாளைப் படிக்கச் சொன்னார். 'வியாபாரக் கடன்', 'பூர்வீக ஊர்' என்னும் சொற்களை நான் உரக்கப் படித்தேன். "கேட்டியா? ஊருக்குப் போகச் சொல்லி சர்க்காரே எழுதியிருக்கு" என்றார் அப்பாயி. அப்படி எழுதியிருக்கவில்லை. 'விரும்பினால்' என்ற சொல்லை நான் விழுங்கிவிட்டேன் என்றே நினைக்கின்றேன். அப்பா தம் தாயின் சொல்லைத் தட்டாதவர்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். கப்பலில் எங்களை யாரும் யார் என்று கேட்கவில்லை. முகாமுக்கு வந்த முதல் மூன்று நான்கு நாள்களும் கேட்கவில்லை. எல்லோரும் ஒரே குழாயடியில் நின்றோம். எந்தெந்தக் குடும்பம் எந்தெந்த ஊருக்கு என்று தாள் வரத் தொடங்கிய பிறகுதான், பக்கத்து அறைக் கிழவி அப்பாயியிடம் வந்து, "நீங்க என்ன ஆளுக?" என்று கேட்டார். அப்பாயி சொன்னார். மறுநாள் முதல் அக்கிழவி எங்கள் குடத்திற்குச் சற்றுத் தள்ளித் தம் குடத்தை வைத்தார். ஊர் நெருங்க நெருங்க ஊரின் வாடை முன்னதாகவே வந்துவிட்டது.

அந்த ஊரின் பெயர் இங்கு வேண்டா. பேருந்திலிருந்து இறங்கியதும் அப்பாயி முன்னே நடந்தார். ஐம்பது ஆண்டுகளாக லயத்தில் எங்களுக்கு அவர் சொன்ன கதையெல்லாம் 'எங்க ஊரு' என்றுதான் தொடங்கும். எங்க ஊருக் கண்மாய், எங்க ஊருக் கோயில், எங்க ஊருத் தேர். நாங்களும் தேரோடும் தெருவில் வீடு இருக்கும் என்றே எண்ணியிருந்தோம். அப்பாயி கோயிலைக் கண்டதும் இடப்புறம் திரும்பி வயல் வரப்பில் இறங்கினார். "தெரு இந்தப் பக்கமல்லவா இருக்கிறது?" என்றேன். அவர் விடை சொல்லாமல் தம் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். என்னையும் கழற்றச் சொன்னார். தோட்டப் பள்ளிக்குப் போட்டுச் சென்ற செருப்பு அது.

சேரியில் அப்பாயியின் அண்ணன் மகன் இருந்தார். நல்ல மனிதர், ஆனால் நத்தத்தில் பங்கு கேட்க வந்துவிட்டார்களோ என்னும் அச்சம் அவருக்கு. இரண்டு சென்ட் இடத்தில் பதினோரு பேர் வாழ்ந்தால் யாருக்குத்தான் அச்சம் வராது? மாட்டுக் கொட்டகையை ஒட்டிப் பனையோலைச் சார்ப்பு இறக்கிக் கொடுத்தார். அவர் மனைவி முதல்நாள் இரவு எங்களுக்குக் கேழ்வரகுக் கூழ் ஊற்றியதை மறக்கமாட்டேன். அன்று தம் பிள்ளைகளுக்குக் குறைத்து ஊற்றியதையும் பார்த்தேன்.

வியாபாரக் கடன் தவணை தவணையாக வந்தது. இடையில் நின்ற தரகர்க்குப் போக எஞ்சியதைக் கொண்டு அப்பா, சாலையோரத்தில் ஒரு தேநீர்க்கடை போட்டார். ஏனையோர் ஆடு வாங்கினார்கள், வண்டி வாங்கினார்கள். அப்பா, "நமக்குத் தெரிந்தது தேயிலை ஒன்றுதான்" என்றார். அம்மா தூளைப் பார்த்தே தரம் சொல்வார். சாயம் இறங்கும் பதம் அவர்க்குக் கைவந்தது. கண்ணாடிக் குவளை இரண்டு டசன் வாங்கினோம். முதல்நாள் ஊர்க்காரர் நால்வர் வந்து குடித்தார்கள்; நல்ல தேநீர் என்றும் சொன்னார்கள். சிலோனிலிருந்து வந்தவர் என்று மட்டும் தெரிந்திருக்க வேண்டும். எந்தப் பக்கத்திலிருந்து நடந்து வருகின்றோம் என்பது மறுநாள் தெரிந்துவிட்டது. அதன்பின் எவரும் வரவில்லை. பேருந்துக்காரர்கள்கூட நிறுத்துவதை விட்டார்கள். நம் தெருவினர் வந்து குடித்தார்கள்; கடனுக்குக் குடித்தார்கள், பாவம். அருகில் இருந்த மற்றொரு கடையில் எங்களுக்குத் தனிக் குவளை. குடித்தபின் நாமே கழுவிக் கவிழ்த்துவிட வேண்டும். ஆனியில் திறந்த கடை தீபாவளிக்கு முன் மூடப்பட்டது. குவளைகள் எங்கள் சார்ப்பில் ஒரு சாக்கில் கிடந்தன.

இப்போதுதான் கல்விக்கு வருகின்றேன். செயலாளர் பொறுத்தருள வேண்டும்.

1979-இல் நான் ஐந்தாம் வகுப்பு முடித்தேன். ஆறாம் வகுப்பு எட்டு மைல் தொலைவில். அன்று அரிசன நல விடுதி என்று வழங்கப்பட்ட மாணவர் விடுதியில் சேர்ந்தாலன்றிப் படிப்பு இல்லை. விடுதிக்குச் சாதிச் சான்று வேண்டும். அப்பா வட்ட அலுவலகத்திற்கு நடந்தார். எத்தனை முறை என்று கணக்கில்லை. அங்கே கேட்ட கேள்விகள் இவை: பையன் பிறந்தது இலங்கையில், பிறப்புச் சான்றில் சாதி இல்லை, குடும்ப அட்டையிலும் இல்லை, 1950-ஆம் ஆண்டில் தாழ்த்தப்பட்டோர் பட்டியலுக்கான குடியரசுத் தலைவரின் ஆணை வந்தபோது நீங்கள் இந்த மாநிலத்தில் குடியிருந்தீர்களா? "அப்பொழுது நான் லயத்தில் இருந்தேன், சாமி" என்றார் அப்பா. "அப்படியானால் உன் சாதி எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார் எழுத்தர். அவர் தீயவர் என்று நான் நினைக்கவில்லை. அவருக்குத் தாள் வேண்டும். தாள் எங்களிடம் இல்லை.

கிராம முன்சீப்பின் பரிந்துரை இருந்தால் போதும் என்று முடிவாகச் சொல்லியனுப்பினார்கள். அந்தப் பரம்பரைப் பதவி 1980-இல் ஒழிக்கப்பட்டது; நாங்கள் போனது அதற்கு முந்திய ஆண்டு. முன்சீப்பின் வீட்டு வாயிலில், திண்ணைக்கு வெளியே, தெருவில் நின்றோம். அவர் வெற்றிலை மடித்தபடி, "கடல் தாண்டிப் போயிட்டு வந்தவனுக்குச் சாதி ஏதுடா? நாளைக்கு என்னைக் கேட்பாங்க" என்றார். அப்பா உரத்துப் பேசாதவர். துண்டை இடுப்பில் கட்டியபடியே சொன்னார்: "சாமி, எங்கடையிலே ஏன் ஒருத்தரும் தேத்தண்ணி குடிக்கலேன்னு ஊருக்கே தெரியும். அதை மட்டும் ஒரு தாளிலே எழுதிக் குடுங்க. போதும்."

முன்சீப் எங்களைப் போகச் சொல்லிவிட்டார். அன்று கையெழுத்து இடவில்லை. வழியெல்லாம் அப்பா பேசவில்லை. எனக்கு அடி விழப்போகின்றது, ஊரார் வந்து சார்ப்பைப் பிடுங்கப் போகின்றார்கள் என்று நான் நடுங்கினேன். எட்டாம் நாள் தலையாரி வந்து, ஐயா தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டார், வந்து வாங்கிக்கொள் என்றார். ஏன் போட்டார் என்பது எனக்குத் தெரியாது. வெட்கமா, தொல்லை விட்டால் போதும் என்பதா, பள்ளித் தலைமையாசிரியர் ஏதும் சொன்னாரா? அப்பாவும் ஆராயவில்லை. நான் விடுதியில் சேர்ந்தேன். இளங்கலையும் ஆசிரியப் பயிற்சிப் பட்டமும் அத்தாளின் பின்னால் வந்தவை.

அப்பாயி அடுத்த ஆண்டு, நான் விடுதியில் இருந்தபோது இறந்தார். அவர் இறந்தது அதே சார்ப்பில். கடைசி நாள்களில் "எங்க ஊரு" என்று தொடங்கும் கதைகளைத் தங்கைக்குச் சொல்லிக்கொண்டிருந்தாராம். ஆனால் அவற்றில் கண்மாயும் தேரும் வரவில்லை. அட்டன் மழையும் பிரட்டுக்களமும் வந்தனவாம். இதை அம்மா சொல்லக் கேட்டேன். அப்பா பின்னர் கூலி வேலைக்குக் கொடைக்கானல் மலைக்குப் போனார். மலைக்குளிர் பட்டதும் இருமலே நின்றுவிட்டது என்று எழுதச் சொல்லி ஒரு கடிதம் அனுப்பினார். அக்கடிதத்தை எனக்கு விடுதிக் காப்பாளர் படித்துக் காட்ட முன்வந்தார். நானே படித்துக்கொள்கிறேன் ஐயா என்றேன்.

சில ஆண்டுகளுக்கு முன் என் பள்ளி மாணவர்களை இராமேசுவரத்திற்குச் சுற்றுலா அழைத்துச் சென்றேன். திரும்புகையில் மண்டபம் முகாம் கண்ணில் பட்டது. இலங்கையில் 1983-க்குப் பிறகு நேர்ந்த துயரங்களால் ஓடிவந்தவர்கள் அங்கே வைக்கப்பட்டார்கள் என்பதை நீங்கள் அறிவீர்கள். எங்கள் வரிசை எது என்று சாலையிலிருந்து பார்த்தேன். தெரியவில்லை. எல்லா வரிசையும் ஒன்றுபோலத்தான் இருந்தன. மாணவன் ஒருவன், "சார், அங்கே உங்களுக்குத் தெரிந்தவர்கள் இருக்கிறார்களா?" என்றான். இருந்தார்கள் என்றேன்.

நம் சங்கத்தில் ஞாயிறுதோறும் சான்று விண்ணப்பம் எழுதிக் கொடுக்கும் மேசையை நான் ஏன் விடாமல் பார்த்துக்கொள்கின்றேன் என்று தோழர்கள் கேட்பதுண்டு. அடுத்த ஞாயிறு விழாக் களைப்பினால் மேசை இராது என்று யாரோ அறிவித்துவிட்டார்கள். இருக்கும். காலை ஒன்பது மணிக்கு வரலாம். வருபவர்கள் பழைய தாள் எதையும் கிழிந்தது, மங்கியது என்று வீட்டில் விட்டுவிட்டு வரவேண்டா, அனைத்தையும் கொண்டுவாருங்கள். விண்ணப்பத்தை முழுவதும் படித்துக் காட்டுவேன்; 'விரும்பினால்' என்றிருந்தால் அதையும் படிப்பேன்.

விழாக் கண்காட்சியில் வைக்க ஏதேனும் தருமாறு கேட்டிருந்தார்கள். குடும்ப அட்டையையும், சாக்கில் உடையாமல் எஞ்சிய இரண்டு கண்ணாடிக் குவளைகளையும் கொடுத்திருக்கின்றேன். கம்பளியையும் கேட்டார்கள். அம்மா தரவில்லை. எண்பது வயதாகின்றது, மார்கழியில் இன்னும் அதைத்தான் போர்த்திக்கொள்கின்றார்.